'ஃபொய்ஸ்ட்': தலையில் கட்டுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் – முழுமையான வழிகாட்டி

2010இல் மீள்குடியேறி வந்த கையோடு அப்பா வாங்கிய முதல் பெரிய பொருள், மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு தண்ணீர்ப் பம். கடையில் ஒரே இழுவையில் ஸ்டார்ட் ஆனது. "ஒரு இழுவைதான் ஐயா, பாருங்கோ" என்று கடைக்காரர் இன்னொரு முறையும் இழுத்துக் காட்டினார். பம்மைத் தூக்கப் போன அப்பா, சைலன்சரில் கை பட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்போது அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக் கிணற்றடியில் கயிற்றை இழுத்து இழுத்து அப்பாவின் தோள்மூட்டு வீங்கியதுதான் மிச்சம். எண்ணெய்த் தாங்கியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். நீலப் பெயின்ற் செதிலாக உரிந்தது, அடியில் துரு. ஸ்பானர் பட்டுத் தேய்ந்துபோன நட்டுகளின் மேலேயே பெயின்ற் அடித்திருந்தார்கள். நாங்கள் போவதற்கு முன்பே அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பிடிபட்டது. அப்பா குந்தியிருந்த இடத்திலிருந்து எழும்பாமலே சொன்னார்: "தலையில கட்டிப்போட்டான் பிள்ளை."

பல வருடம் கழித்து, கிளிநொச்சியில் ஏ.எல். (உயர்தர) பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும்போது ஒரு வாசிப்புப் பகுதியில் 'ஃபொய்ஸ்ட்' என்ற சொல் வந்தது. அகராதியில் 'திணி' என்று இருந்தது. அதைப் பார்த்து ஒரு பிள்ளை எழுதிய வாக்கியம், அம்மா பிள்ளையின் வாயில் சோற்றை ஃபொய்ஸ்ட் பண்ணினாள் என்று. அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. தமிழில் வாயில் சோற்றைத் திணிக்கலாம், பையில் உடுப்பைத் திணிக்கலாம், சனத்தின் மேல் சட்டத்தையும் திணிக்கலாம். அகராதி ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டது. நான் கரும்பலகையில் 'திணி' என்பதை அழித்துவிட்டு அப்பாவின் பம் கதையைச் சொன்னேன். அதன்பிறகு அந்த வகுப்பில் ஒருவரும் இந்தச் சொல்லைப் பிழையாக எழுதவில்லை. அந்தப் பாடத்தைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

படி 1: ஒலி

எஃப், ஓ, ஐ, எஸ், ரி என ஐந்தே எழுத்துகள். கொடியேற்றுவதற்குச் சொல்லும் 'ஹொய்ஸ்ட்', ஈரப்பதத்தைக் குறிக்கும் 'மொய்ஸ்ட்' ஆகியவற்றோடு எதுகையாக ஒலிக்கும். மேற்பல் கீழுதட்டில் தொட்டுக் காற்று வெளியே வர வேண்டும். உதடு இரண்டையும் மூடி 'ப'வில் தொடங்கினால் சொல் கெட்டுவிடும். இறந்தகாலத்தில் 'ஃபொய்ஸ்டட்' என்று இரண்டு அசையாக நீளும். தொடர்வினைக்கு 'ஃபொய்ஸ்டிங்'. இதிலிருந்து இன்றைக்கு வழக்கில் உள்ள பெயர்ச்சொல் கிடையாது. பிள்ளைகள் தாங்களாக வால் ஒட்டி ஒன்றை உண்டாக்க வேண்டாம்.

படி 2: பொத்திய கைக்குள் என்ன இருந்தது

இந்தச் சொல்லின் வேரைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். டச்சு மொழியில் 'வொய்ஸ்ட்' என்பதுபோல ஒலிக்கும் ஒரு சொல் உண்டு; பொருள், பொத்திய கை. அதிலிருந்து வந்த பேச்சுவழக்கு வினைக்குக் கையில் எடுத்தல், கைக்குள் வைத்தல் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது ஆங்கிலத்துக்குள் வந்தபோது சூதாடிகளின் சொல்லாக வந்தது. கள்ளப் பகடை ஒன்றை உள்ளங்கையில் மறைத்து வைத்திருந்து, எதிராளி பாராத நேரம் நல்ல பகடைக்குப் பதிலாக அதை ஆட்டத்துக்குள் விட்டுவிடுவதுதான் முதலில் 'ஃபொய்ஸ்ட்'. அந்தக் காலத்துக் கள்ளர் பேச்சில் சட்டைப்பையில் கைவிடுகிறவனுக்கும் இதே பெயர் இருந்தது.

சகுனியைத் தெரிந்த நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. மேசையில் உருண்டு வருவது பகடைதான், கண்ணுக்கு நல்ல பகடை மாதிரியேதான் இருக்கும், எதிராளி அதை ஏற்றுக்கொண்டுதான் ஆடுகிறான். ஆனால் அது வந்த வழி வேறு. அப்பாவின் பம்மும் அப்படித்தான் வந்தது. ஒருவரும் அப்பாவின் கையை முறுக்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்தவர் அவரேதான்.

படி 3: அடாத்தா, சுத்துமாத்தா?

வன்னியில் நாம் நாளாந்தம் பேசும் இரண்டு சொற்கள் இங்கே அகராதியைவிட உதவும். ஒருவன் ஆட்களோடு வந்து உங்கள் காணிக்குள் வேலிக் கதியால் போட்டால் அது அடாத்து. பழைய பம்முக்குப் பெயின்ற் அடித்து விற்றால் அது சுத்துமாத்து. இரண்டிலும் அநியாயம் உண்டு. ஆனால் அடாத்து முகத்துக்கு நேரே நடக்கும், சுத்துமாத்து முதுகுக்குப் பின்னால் நடக்கும். தமிழ்த் 'திணிப்பு' அடாத்துப் பக்கம் நிற்கிறது. ஆங்கில 'ஃபொய்ஸ்ட்' சுத்துமாத்துப் பக்கம் நிற்கிறது. அதனால்தான் தமிழில் அதற்கு மிகக் கிட்டிய உறவு 'தலையில் கட்டுதல்' என்கிறேன்.

சொல்லை எழுதுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். வாங்கினவருக்கு அது வேண்டாததா? இது கட்டாயம் 'ஓம்' ஆக இருக்க வேண்டும். கேட்டு வாங்கிய பொருளாக இருந்தாலும், இப்படிப்பட்டது என்று தெரிந்திருந்தால் வாங்கியிருக்கமாட்டார் என்றால் அதுவும் வேண்டாததுதான். அடுத்து, பொருள் மட்டமானதா, போலியா, அல்லது தந்தவர் தன் சுமையைக் கழற்றுகிறாரா? கடைசியாக, தந்த விதத்தில் தந்திரமோ, மற்றவரின் இயலாமையைப் பயன்படுத்தும் போக்கோ இருக்கிறதா? முதல் கேள்வியோடு பின்னிரண்டில் ஒன்றாவது பொருந்தினால் எழுதலாம். சோறூட்டும் அம்மா இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தப்பிவிடுகிறாள்.

இன்றைய பத்திரிகை ஆங்கிலத்தில் இந்த எல்லை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சனத்தைக் கேளாமல் மேலிருந்து வரும் எந்த முடிவுக்கும் இதைப் போடுகிறார்கள். வாசிக்கும்போது அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எழுதும்போது இறுக்கமான பொருளில் எழுதுங்கள் என்பதே என் ஆலோசனை. சொல்லின் கூர் மழுங்காமல் இருக்கும்.

படி 4: பொருள் முன்னே, ஆள் பின்னே

எங்கள் பிள்ளைகள் அதிகம் விழும் குழி இதுதான், ஆறுதலாக வாசியுங்கள்.

சரியான அமைப்பு: செய்தவர், வினை, பொருள், பிறகு 'ஒன்' அல்லது 'அப்பொன்', கடைசியில் அகப்பட்டவர்.

'ஹி ஃபொய்ஸ்டட் அன் ஓல்ட் பம்ப் ஒன் மை ஃபாதர்.'

பிள்ளைகள் எழுதுவது, 'ஹி ஃபொய்ஸ்டட் மை ஃபாதர்.' ஏன் இப்படி வருகிறது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அவர்களுடைய மனதில் ஓடுவது 'அப்பாவை ஏமாற்றிப்போட்டான்' என்ற தமிழ் வாக்கியம். அதில் அப்பாதான் செயப்படுபொருள். 'ஐ' உருபு அவர்மேல் நிற்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினைக்குச் செயப்படுபொருள் பம் மட்டுமே. அகப்பட்ட ஆள் ஒருநாளும் வினையை ஒட்டி நிற்க மாட்டார்.

இன்னும் சிலர் 'ஒன்' வரவேண்டிய இடத்தில் 'ரு' போடுகிறார்கள். கொடுத்தல் என்றால் 'அவருக்கு'. அந்தக் 'கு' உருபு ஆங்கிலத்தில் 'ரு' ஆகும் என்று சிறு வகுப்பில் படித்தது கைக்குள் வந்துவிடுகிறது. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். தமிழில் முதலில் சொல்லிப் பாருங்கள்: 'அப்பாவுக்குக் கட்டினான்' என்பீர்களா, 'அப்பாவின் தலையில் கட்டினான்' என்பீர்களா? 'தலையில்', 'தலைமேல்' என்று வாய் தானாகச் சொல்லும். அந்த 'மேல்'தான் 'ஒன்'. இதை ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்த பிள்ளை பிறகு 'ரு' போடுவதில்லை.

'அப்பொன்' என்பது அதே பொருளில் கொஞ்சம் எழுத்துநடை. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் நன்றாக இருக்கும்.

செயப்பாட்டுவினையிலும் இதே ஒழுங்கு. 'த பம்ப் வோஸ் ஃபொய்ஸ்டட் ஒன் மை ஃபாதர்' என்று பம்தான் எழுவாய் ஆக வேண்டும். 'ஐ வோஸ் ஃபொய்ஸ்டட்' என்று முடித்தால், உங்களையே யாரோ இன்னொருவரின் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பொருள் வந்துவிடும். ஆளை எழுவாயாக வைத்து, பின்னால் 'வித்' சேர்த்து எழுதுவதையும் சில இடங்களில் காண்பீர்கள். கவனமாக எழுதுகிறவர்கள் அதைத் தவிர்ப்பார்கள்.

தற்சுட்டாகவும் வரும். அழையாமல் வந்து, போகச் சொல்லவும் முடியாமல், நாட்கணக்கில் இருந்துவிடுகிற ஒருவரைப் பற்றி 'ஹி ஃபொய்ஸ்டட் ஹிம்செல்ஃப் ஒன் அஸ்' என்பார்கள். இதை நாம் யோசித்துப் பாவிக்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த சனம் சொல்லாமல் கொள்ளாமல் முற்றத்தில் பாய் விரித்துப் படுப்பது எங்களுக்கு வழமை. அதைச் சுமையாக நாம் நினைப்பதில்லை. அந்த விருந்தினர்மேல் இந்தச் சொல்லைப் போட்டால் ஆங்கிலம் சரியாக இருக்கும், நாம் சொல்ல வந்தது பிழைத்துவிடும்.

படி 5: ஒரே கடனில் மூன்று வினைகள்

அகராதி இந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'இம்போஸ்', 'சேடில்', 'இன்ஃப்ளிக்ட்', 'பாம் ஒஃப்' என்று அடுக்கும். ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணம் எழுதிப் பாடமாக்குவதைவிட ஒரு நிகழ்ச்சியில் வைத்துப் பார்ப்பது நல்லது.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா குழுக்கடன் எடுத்தா. மாடு வாங்குவதற்கு. வட்டி இவ்வளவு என்று முதலிலேயே முகத்துக்கு நேரே சொன்னார்கள். அது அதிகம்தான், ஆனால் தெரிந்து ஒத்துக்கொண்டது. இந்த இடத்தில் 'இம்போஸ்'. வரி, தண்டம், ஊரடங்கு, நிபந்தனை எல்லாம் இம்போஸ் பண்ணப்படுபவை. அதிகாரம் உள்ளவர் வெளிப்படையாக மேலே வைப்பது. லத்தீனில் 'மேலே வை' என்பதே அதன் வேர்.

காசு கைக்கு வந்தபோது ஒரு தொகை குறைந்திருந்தது. கேட்டதற்கு, காப்புறுதி என்றார்கள். ஒப்பம் வைத்த தாள்கள் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தன. அதன் நடுவில் ஒரு தாள் அந்தக் காப்புறுதிக்கு உரியது. அக்கா அந்தத் தாள்களை என்னிடம் கொண்டு வந்து தந்தபோது, மூன்றாம் பக்கத்தின் அடியில் அவவுடைய கையெழுத்து ஒவ்வோர் எழுத்தாகப் பிரிந்து, கவனமாக, அழகாக இருந்தது. அதுதான் 'ஃபொய்ஸ்ட்'. நல்ல தாள்களுக்கு நடுவே ஒரு கள்ளப் பகடை.

நாலு மாதத்தில் குழுவில் ஒருவர் கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். அவருடைய தவணையும் மிச்சப் பேரின் தலையில் விழுந்தது. இதற்குத்தான் 'சேடில்'. குதிரைக்குப் போடும் சேணத்தின் பெயரே வினையாகியிருக்கிறது. அதனால் ஒழுங்கு தலைகீழ்: ஆள் முன்னே, சுமை பின்னே, நடுவில் 'வித்'. 'ஷி வோஸ் சேடில்ட் வித் அனதர் வுமன்ஸ் டெட்.' இங்கே ஆள் எழுவாயாக வரலாம். படி 4இல் 'வித்' போட்டுப் பிழைவிடுகிற பிள்ளைகள் பெரும்பாலும் இந்தச் சொல்லின் அமைப்பைத்தான் அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். 'இன்ஃப்ளிக்ட்' வலி, காயம், தண்டனை, இழப்புக்கு உரியது; அடித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. 'பாம் ஒஃப்' நம் சொல்லின் கூடப்பிறந்தது. அதிலும் உள்ளங்கை இருக்கிறது, ஆனால் பேச்சுநடை. 'ஃபொய்ஸ்ட் ஒஃப்' என்றும் சொல்வார்கள். அதில் கழித்துவிடுகிற பொருள் கூடுதலாகத் தெரியும்.

அரசியல் எழுதும்போது இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டத்தை நாம் தனிச் சிங்களச் சட்டத் திணிப்பு என்கிறோம். அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'இம்போஸ்'தான் பொருத்தம். பாராளுமன்றத்தில், பட்டப்பகலில் செய்தார்கள். அக்கரையில் இந்தித் திணிப்புக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் 'இம்போசிஷன்' என்று எழுதுவதும் அதனால்தான். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்ததும் இம்போஸ் பண்ணப்பட்ட தடை; நவம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் விதைநெல் என்று சொல்லிக் களைவிதை கலந்த மூட்டையை ஒரு விவசாயிக்குக் காலபோக விதைப்புக்கு விற்றால் அது ஃபொய்ஸ்ட். முளைத்த பிறகுதான் வயல் அதைச் சொல்லும்.

படி 6: பழி, வழக்கு, பாட்டு

பொருளும் கடமையும் மட்டுமல்ல, பழியையும் தலையில் கட்டலாம். இதற்கு முல்லைத்தீவில் பிறந்த எவருக்கும் தெரிந்த உதாரணம் கோவலன் கதை. அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். விற்க வந்த கோவலனின் கையில் இன்னொரு சிலம்பைக் கண்டதும், தன் களவை அப்படியே அவன் தலையில் கட்டிவிட்டான். 'த கோல்ட்ஸ்மித் ஃபொய்ஸ்டட் ஹிஸ் ஓன் கில்ட் ஒன் கோவலன்.' வேண்டாதது, போலி, தந்திரம் என்று மூன்று கேள்விக்கும் இதைவிட நிறைவான விடை எனக்குத் தெரியாது. கோவலன் கூத்துப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். கோவலனைக் கொல்வித்த பாண்டியனின் செயலுக்கு இந்த வினையைப் போடாதீர்கள். அரசன் கொடுத்தது தண்டனை. அதற்கு 'இம்போஸ்', 'இன்ஃப்ளிக்ட்' இரண்டும் பொருந்தும்.

பொய் வழக்குச் சோடித்தலுக்கு இந்தியப் பத்திரிகைகள் 'ஃபொய்ஸ்டட் எ ஃபோல்ஸ் கேஸ்' என்று தாராளமாக எழுதும். சென்னையிலிருந்து வரும் ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி காண்பீர்கள். பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஃப்ரேம்' வரும்.

மூன்றாவது பாவனை பழையது, ஆனால் தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு உடனே பிடித்துவிடும். ஒரு நூலுக்குள், அதை எழுதியவர் எழுதாத வரிகளைக் கள்ளமாக நுழைப்பதற்கும் இதே வினை. அப்போது 'ஒன்' போய் 'இன்டு' வரும். நாம் இதை இடைச்செருகல் என்கிறோம். கையில் மறைத்த பகடை ஆட்டத்துக்குள் போனதுபோல, யாரோ கட்டிய பாட்டு ஏட்டுக்குள் போய்விடுகிறது.

படி 7: கடிதத்தில் எழுதும்போது

1987இன் 13ஆம் திருத்தத்தின் பின் தமிழும் அரச கரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. வடக்கில் அரச அலுவலகத்துக்கு முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள்; அது உங்கள் உரிமை. ஆனால் கொழும்பில் உள்ள கம்பனிக்கோ வெளிநாட்டு நிறுவனத்துக்கோ ஆங்கிலத்தில் எழுதவேண்டி வரும்போது, இந்தச் சொல் குற்றச்சாட்டு என்பதை மறவாதீர்கள். 'யூ ஃபொய்ஸ்டட் திஸ் பொலிசி ஒன் மீ' என்று எழுதினால் நீங்கள் ஏமாற்றினீர்கள் என்று எழுதியதாகும். ஒப்பம் வாங்கிய விதத்தைச் சொல்லக் கையில் தாளோ சாட்சியோ இருந்தால் எழுதுங்கள், தயங்க வேண்டாம். இல்லாவிட்டால், விளக்கம் தராமல் சேர்த்தீர்கள் என்று நடந்ததை நடந்தபடி எழுதுவது பலம். அந்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதத்தில் முதலில் இந்த வினையைப் போட்டு, பிறகு எடுத்துவிட்டு, எந்தத் திகதியில் எந்த மொழித் தாளில் ஒப்பம் வாங்கப்பட்டது என்று மட்டும் எழுதினேன்.

படி 8: எழுதிப் பாருங்கள்

கீழே உள்ள ஐந்துக்கும் ஆங்கில வினையைத் தெரிவு செய்து கொப்பியில் வாக்கியமாக எழுதுங்கள். விடையைப் பிறகு பாருங்கள்.

1. கடைக்காரர் திகதி முடிந்த பால்மாவை ஆச்சியின் தலையில் கட்டிவிட்டார்.
2. பொலிஸார் இரவில் ஊரடங்கு போட்டார்கள்.
3. மூத்த அண்ணன் போனபிறகு வீட்டுக் கடன் முழுவதும் தங்கச்சியின் தலையில் விழுந்தது.
4. அம்மா பையில் உடுப்புகளைத் திணித்தா.
5. தான் செய்யவேண்டிய கணக்கு வேலையைப் புதிதாக வந்த பிள்ளையிடம் நைசாகத் தள்ளிவிட்டார்.

முதலாவதுக்கு 'ஃபொய்ஸ்ட்'; பால்மாவை முன்னே வைத்து, 'ஒன்' போட்டு, ஆச்சியைக் கடைசியில் எழுதியிருக்க வேண்டும். இரண்டாவதுக்கு 'இம்போஸ்'. மூன்றாவதில் ஒருவரும் தந்திரம் செய்யவில்லை, சுமை வந்து விழுந்தது, எனவே தங்கச்சியை எழுவாயாக வைத்து 'சேடில்', பிறகு 'வித்'. நான்காவது வெறும் 'ஸ்டஃப்'. ஐந்தாவதுக்கு 'ஃபொய்ஸ்ட்' என்று எழுதியவர்கள் 'நைசாக' என்ற சொல்லைக் கவனித்திருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, எல்லார் முன்னும் 'நீ செய்' என்று கட்டளையிட்டார் என்று மாற்றி, வினையும் மாறுகிறதா என்று இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.